உள்ளே ஆள் இருக்கு

அந்த வீட்டில் கோபம் அம்மாவின் இலாகா. அப்பா சலூன் வைத்திருந்தார். நாள் முழுக்க அடுத்தவர் கழுத்தருகே கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்குக் கோபம் கட்டுப்படியாகாது. அவள் ரொட்டித் தொழிற்சாலையில் மெக்கானிக். மாவு பிசையும் இயந்திரங்கள், அடுப்புச் சங்கிலிகள், பெல்ட்டுகள் எல்லாம் அவள் பொறுப்பு. துருப்பிடித்த போல்ட் கெஞ்சினால் கழலாது, திட்டினால்தான் கழலும் என்பது அவளுடைய பதினோரு வருட அனுபவம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் இறங்க ஒரு மணி நேரம் ஆகும். "ஃபோர்மேன் வந்தாச்சு, எல்லாரும் வரிசையில நில்லுங்க" என்பார் அவர். பிள்ளைகள் சிரிக்கும். அவளும் சிரித்துவிடுவாள், பல நாட்களில்.

அந்த வருடம்தான் சிரிப்பு குறைந்துபோனது. காரணத்தை யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

பெரியவளுக்கு ஒன்பது வயது. ஒரு நாள் காலையில் தானே தலையைப் பின்னிக்கொண்டு வந்து நின்றாள். வகிடு ஆற்றுப் பாதை மாதிரி வளைந்து கிடந்தது.

"அவிழ்த்துட்டு வா, நான் பின்னி விடறேன்."

"வேணாம்மா. நல்லாத்தான் இருக்கு."

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு பெல்ட்டைத் தலைகீழாக மாட்டிவிட்டு, பக்கத்தில் நின்றவனைப் பிடித்துக் காய்ச்சினாள்.

பிறகு சின்னவன். அவனுக்கு ஆறு வயது. ஷூ கயிற்றைக் கட்டிவிட அவள் குனிந்தால் காலை உள்ளே இழுத்துக்கொள்வான். "நானே." வாசலில் உட்கார்ந்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு முடிச்சுக்கு ஐந்து நிமிடம் எடுப்பான். தட்டில் சோறு போட்டுக்கொள்ள நானே. தண்ணீர் ஊற்றிக்கொள்ள நானே. ஒரு நாளைக்கு இருபது நானே.

"நானேவாம் நானே. பொறந்ததும் நீயேதானாடா? நான் சும்மா வேடிக்கை பார்க்க வந்தேனா?"

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முடிச்சை இழுத்தான்.

"கொடுத்து வெச்சவ நீ. என் வீட்டுல பன்னெண்டு வயசுக் கழுதை இன்னும் ஊட்டி விடச் சொல்லுது" என்றாள் பேக்கிங்கில் வேலை செய்யும் தோழி. "அப்போ மாத்திக்கலாமா?" என்று அவள் கேட்ட கேட்பில் தோழி டிபன் டப்பாவை மூடிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

இந்த வளர்ச்சிக் கணக்கில் ஒன்றே ஒன்றுதான் தன்னால் ஆனது என்று அவள் நம்பினாள். சின்னவன் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை அந்த ஈரப் போர்வையைத் தூக்கிப் பிடித்து, "ஆறு வயசு ஆச்சு, வெக்கமா இல்லையா? மாடி வீடு, கீழ் வீடு எல்லாரும் கைகொட்டிச் சிரிக்கட்டும்" என்று போட்டாள் ஒரு சத்தம். மறுநாளிலிருந்து படுக்கை உலர்ந்து கிடந்தது. "பார்த்தீங்களா, ஒரே திட்டு" என்று கணவரிடம் சொன்னாள். அவர் சீப்பில் ஒட்டியிருந்த முடியை எடுத்துக்கொண்டே, "ம்" என்றார்.

அவளுடைய தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. இயந்திரத்துக்குள் கையை விடுவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் ஒரு சிவப்புப் பூட்டு, ஒரே ஒரு சாவி. பூட்டில் ஓர் அட்டை தொங்கும்: 'உள்ளே ஆள் இருக்கு.' சாவி பூட்டியவரின் பையிலேயே இருக்க வேண்டும். பூட்டியவர்தான் திறக்கலாம். முதலாளியே வந்து நின்றாலும் இன்னொரு கை அதில் படக் கூடாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சூப்பர்வைசர் தொட்டான். அவசர ஆர்டர். பூட்டை மறந்து வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அவனாகவே முடிவு கட்டி, பெரிய கட்டரால் பூட்டை வெட்டி, சுவிட்சைப் போட்டான். அவள் அப்போது மாவுத் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டிருந்தாள். யாரோ அலறினார்கள். கையை உருவிக்கொண்டாள், சட்டைக் கை மட்டும் உள்ளே போய் மாவோடு சுற்றியது. அன்று அவள் போட்ட சத்தத்தை இன்னும் அங்கே கதையாகச் சொல்கிறார்கள். அவனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, 'உள்ளே ஆள் இருக்கா என்று பார்க்காமல் திறந்தேன், தப்பு' என்று சொல்ல வைத்த பிறகுதான் ஓய்ந்தாள்.

சாப்பிடும்போது இந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்பதற்கு அளவில்லை. சட்டைக் கை உள்ளே போகும் இடம் வரும்போது பிள்ளைகள் மெல்லுவதை நிறுத்திவிடும். வீட்டில் மின்விசிறி பழுது பார்த்தாலும் ஃப்யூஸ் பெட்டியில் பழைய சிவப்புப் பூட்டு ஒன்றைப் போட்டு, அட்டையையும் தொங்கவிடுவாள். சின்னவன் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வாக்கியமே அதுதான்.

அந்தச் சனிக்கிழமை தொழிற்சாலையில் கொதிகலன் படுத்துவிட்டது. வெளியிலிருந்து ஆள் வந்து பார்க்கட்டும் என்று எல்லாரையும் ஒன்பது மணிக்கே அனுப்பிவிட்டார்கள். அவள் ஆறு மணி ஷிஃப்டுக்குப் போனால் மதியம் இரண்டரைக்குத்தான் திரும்புவது வழக்கம். கணவர் எட்டரைக்குக் கடை திறக்கப் போய்விடுவார். தெருமுனையில்தான் கடை; பிள்ளைகள் பத்து மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளும்.

சாவி போட்டு வீட்டைத் திறந்தாள். கூடம் காலி. பெரிய போர்வை இல்லாமல் பிள்ளைகளின் கட்டில் மொட்டையாகக் கிடந்தது. அதை அவள் பார்த்தாள், கவனிக்கவில்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"யாரு உள்ள?"

சத்தம் நின்றது. கிசுகிசுப்பு. பிறகு பெரியவளின் குரல்: "நாங்கதான்."

"ரெண்டு பேருமா? ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா."

"கதவைத் திற."

"வேலை முடிஞ்சதும் திறக்கறோம்."

"என்னடி வேலை?"

வாளி நகரும் சத்தம் கேட்டது.

அந்தக் கதவில் அவளே போட்ட ஒரு துளை இருந்தது. சின்னவன் மூன்று வயதில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் கத்திய அன்று, தாழ்ப்பாளுக்கு நேராகத் துளைத்து, வெளியிலிருந்து ஒரு கம்பியை விட்டுத் தள்ளினால் திறக்கிற மாதிரி செய்து வைத்தாள். கம்பி பக்கத்து ஆணியில் தொங்கியது. எடுத்து விட்டாள். தாழ்ப்பாள் நகரவில்லை. கம்பி எதிலோ மோதி 'டிங்' என்றது. அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"என் பூட்டையா போட்டிருக்கீங்க?"

"உள்ளே ஆள் இருக்கு" என்றான் சின்னவன், அட்டையைப் படிக்கிற அதே ராகத்தில்.

அவளுக்கு உச்சி மயிர் நின்றது. அவள் பூட்டு, அவள் அட்டை, அவள் சட்டம். அவளுடைய வீட்டில், அவளுக்கே. அந்த ஆத்திரம் எங்கிருந்து அவ்வளவு கிளம்பியது என்று பின்னால் பல நாள் யோசித்தாள். கோண வகிடும் ஷூ கயிறும் உள்ளே இழுத்துக்கொண்ட காலும் எல்லாம் சேர்ந்து அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நீ வெளியே இரு என்று சொன்ன மாதிரி இருந்தது.

"திறங்க. இப்ப. சாவி எங்க?"

"தேடறோம்மா."

"தேடறீங்களா? சாவி எங்க இருக்கணும்னு சொல்லிக் கொடுத்திருக்கேன்?"

"பையில" என்றது சின்னக் குரல்.

"யார் பையில?"

"பூட்டுனவங்க பையில."

"அப்புறம் என்னத்த தேடறது?"

"பூட்டுனது தம்பிதான். அவன் டிராயர் வாளியில கிடக்கு" என்றாள் பெரியவள். "நுரைக்குள்ள தெரியல. கொஞ்சம் இரும்மா."

டிராயர் ஏன் வாளியில் கிடக்கிறது என்று ஒரு கணம் நின்று கேட்டிருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும். ஆனால் கோபம் வந்த காதுக்குச் சொல் கேட்கும், பொருள் கேட்காது. சாக்குச் சொல்கிறார்கள் என்றுதான் அவளுக்குப் பட்டது.

"மூணு எண்ணுவேன்."

எண்ணவில்லை. கருவிப் பெட்டியைத் திறந்து, சுத்தியலையும் தடித்த ஆணி ஒன்றையும் எடுத்தாள். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. கீல்கள் அவள் பக்கம் இருந்தன. கீழ்க் கீலின் ஊசியை இரண்டு அடியில் கழற்றினாள். மேல் கீல் துருவேறியிருந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லி நான்கு அடி.

"அம்மா, கிடைச்சிருச்சு! திறக்கறேன், இரு, இரு..."

அவள் கதவைக் கீல் பக்கமாகப் பிடித்து இழுத்தாள்.

கதவு பூட்டை அச்சாக வைத்துத் திரும்பியது. உள்ளே ஒரு சத்தம். அலறல் இல்லை. பந்திலிருந்து காற்று போகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

கதவைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பார்த்தபோது, பெரியவள் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூட்டைத் திறக்கப்போன விரல்கள் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் மாட்டியிருந்தன. நடுவிரல் நகத்துக்கடியில் ரத்தம் கட்ட ஆரம்பித்திருந்தது. அவள் பின்னால் சின்னவன், இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல், சட்டையை முழங்கால்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். தரையில் பெரிய தொட்டி. அதில் நுரை. நுரைக்குள்ளிருந்து கட்டில் போர்வையின் நீலக் கரை எட்டிப் பார்த்தது. மூத்திர வாடையும் சோப்பு வாடையும் கலந்து வந்தன.

குழாய் சொட்டியது.

"சூப்பர்வைசர் மாதிரியே பண்ணிட்டே" என்றான் சின்னவன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது, அக்காவுக்காக.

அவள் மண்டியிட்டு மகளின் கையைப் பிடித்தாள். எத்தனையோ பேருடைய நசுங்கிய விரல்களைப் பார்த்த கண். "மடக்கு. நீட்டு. எலும்பு உடையல, நகம்தான். ஐஸ் வைக்கணும், வா."

"நானே" என்று பெரியவள் கையை உருவிக்கொண்டாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "அப்பாகிட்ட போறோம். டேய், வேற டிராயர் போடு."

அவன் போட்டுக்கொண்டான். ஷூவும் போட்டான். அந்த ஐந்து நிமிடமும் அவள் குளியலறை நிலையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் எழுந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது இருவரும் தெருவைக் கடந்துகொண்டிருந்தார்கள். சின்னவன் அக்காவின் நல்ல கையைப் பிடித்திருந்தான். வலம் பார்த்தான், இடம் பார்த்தான், மறுபடி வலம் பார்த்தான். அவ்வளவு ஒழுங்காக அவன் பார்த்ததுகூட அவளுக்குக் கோபமாக இருந்தது.

மதியம் கணவர் தனியாக வந்தார். பிள்ளைகள் கடையில் சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கையில் பவுடர் வாசனை.

"டாக்டர் கட்டுப் போட்டு விட்டாரு. நகம் விழுந்து முளைக்கும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எது?"

"போர்வை."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "தெரியும்."

"எத்தனை நாளா?"

"நீ திட்டின மறுநாள்லேர்ந்து. நீ ஷிஃப்டுக்குப் போனதும் எழுந்து ரெண்டும் துவைக்கும். நான் துவைச்சுத் தரேன்னேன். பெரியவ ஒத்துக்கல. சின்னவன் அலசணும், இவ பிழியணும், அப்படி ஏதோ முறை வெச்சிருக்காங்க. முந்தி எல்லாம் பூட்டு கிடையாது. இன்னிக்கு சனிக்கிழமை, மாடி வீட்டு அக்கா தண்ணிக்கு வருவாங்க, கம்பியை விட்டுத் திறந்துருவாங்கன்னு பயந்து போட்டிருக்காங்க."

"மூணு வாரம்! மூணு பேரும் கூட்டு சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க. ஒரே திட்டுன்னு நான் பெருமை அடிச்சுக்கிட்டு நின்னேன், நீங்க சீப்பைச் சுத்தம் பண்ணிக்கிட்டு ம்ம்னீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க."

"ஆறு வயசுப் பையன் கேட்டுக்கிட்டானாம், இவர் காப்பாத்தினாராம். பெரிய அரிச்சந்திரன்."

"சரி, சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்பே?"

அவள் கீழே கிடந்த கீல் ஊசியை எடுத்து விரலில் உருட்டினாள். எதிர் வீட்டில் யாரோ வாளி கழுவிக் கவிழ்த்தார்கள். அவர் எழுந்து, கடையில் ஆள் காத்திருக்கும் என்று சொல்லிப் போய்விட்டார்.

அவள் கதவை மாட்ட உட்கார்ந்தாள். கழற்றியது இரண்டு நிமிடம், மாட்டியது ஒரு மணி நேரம். மேல் கீல் வளைந்திருந்தது. அதைத் தட்டி நேராக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒருவரைத் திட்டினாள். கணவரை. பேக்கிங் தோழியை. கொதிகலனை. பிள்ளைகளைத் திட்டினாள், பிறகு திட்ட ஆளில்லாமல் போய்த் தன்னைத் திட்டினாள். இந்த ஒரு வருடத்தில் கேட்ட அத்தனை நானேக்களையும் திரும்ப எடுத்துப் பார்த்தாள். எது வளர்ந்ததால் சொன்னது, எது அவளுடைய குரலுக்குப் பயந்து சொன்னது? தலை பின்னும்போது சிக்கலை வெடுக்கென்று இழுப்பாள். முடிச்சு போடத் தாமதமானால் பல்லைக் கடிப்பாள். இரண்டையும் பிரிக்க முடியவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வளர்கிறார்கள் என்றால் சரி, வளரட்டும். ஓடுகிறார்கள் என்றால்?

போர்வையை அவள் தொடவில்லை. கை பரபரத்தது. தொட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு வந்துவிட்டாள்.

சாயங்காலம் பெரியவள் இடது கையால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்துகள் குடித்துவிட்டு வந்தவை மாதிரி சாய்ந்து கிடந்தன. அம்மா எதிரே போய் நின்றாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"நான் செஞ்சது தப்பு."

பென்சில் நகர்ந்துகொண்டே இருந்தது. மேசைக்கு அடியிலிருந்து சின்னவன் குரல் வந்தது: "அவரு எல்லார் முன்னாடியும் சொன்னாரு."

"யாருடா?"

"சூப்பர்வைசர். நீதானே சொன்னே? மெதுவா சொன்னாரு, நீ இன்னும் சத்தமான்னு சொன்னே."

நான் உன் அம்மாடா என்று நாக்கு நுனிவரை வந்தது. கணவர் சமையலறை வாசலில் கரண்டியோடு வந்து நின்றார். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, பயமும் இல்லை, சும்மா காத்திருந்தார். அவள் கூடத்தின் நடுவுக்கு வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஏறக்குறைய அதட்டலாக, சொன்னாள்:

"உள்ளே ஆள் இருக்குன்னு தெரிஞ்சும் கதவை எடுத்தேன். தப்பு."

மேசைக்கு அடியில் யோசனை நடந்தது. "சத்தம் போதும்" என்று தீர்ப்பு வந்தது.

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். "சரி" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவும் இடமில்லாத ஒரு சரி. மறுபடி குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

மறுநாள் ஞாயிறு. கதவுத் துளையின்மேல் ஒரு சின்னத் தகட்டை வைத்து நான்கு திருகாணி முடுக்கினாள். கம்பியைக் குப்பையில் போட்டாள். போர்வை தொட்டியில் இல்லை; எப்போது அலசினார்கள், எங்கே காயப்போட்டார்கள் என்று அவள் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவளுக்கு மதிய ஷிஃப்ட். காலையில் வீட்டில் இருந்தாள். திங்கள், செவ்வாய், புதன் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை பொழுது வெளுக்கிற நேரத்தில் பக்கத்து அறையில் பாதங்கள் இறங்கின. "அம்மா இருக்காங்கடா, மெதுவா." ஏதோ கனமானதை இழுத்துக்கொண்டு போனார்கள். குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர்.

அவள் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். வாளி கவிழ்ந்தது. ஏதோ உருண்டது. ஒன்பது வயதுக் கை, அதுவும் கட்டுப்போட்ட கை, அந்தக் கனத்தைப் பிழியுமா? ஒரு பெரிய ஆளுக்கு இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை. எழுந்து போய்த் தொட்டியைப் பிடுங்கி, நகருங்கள் என்று சொல்லி, கசக்கிப் போட்டுவிடலாம். கோபத்தில் தாடை வலித்தது. பக்கத்தில் கணவர் விழித்திருந்தார் என்பது அவருடைய மூச்சில் தெரிந்தது.

வெகு நேரம் தண்ணீர் ஓடி நின்றது. பிறகு உள்ளே ஏதோ ஆலோசனை நடந்தது. "நீ கேளு." "நீ கேளுக்கா." "உன் போர்வைதானே, நீயே கேளு."

"அம்மா!" என்று ஒரு குரல் வீட்டையே எழுப்பியது. "சோப்புத்தூள் தீர்ந்துபோச்சு!"

எழுந்த வேகத்தில் கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்டாள். நொண்டிக்கொண்டே அலமாரியைத் திறந்து, புதுப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கதவு முன்னால் போய் நின்றாள்.

"கொண்டு வந்துட்டேன். திற."

"கீழ வெச்சிட்டுப் போ" என்றான் சின்னவன்.

"மூலையைக் கத்தரிச்சுத் தரட்டுமா? உங்களுக்குக் கொட்டிரும்."

"நாங்களே பார்த்துக்கறோம். வெச்சிட்டுப் போம்மா."

"எவ்வளவு போடணும்னாவது..."

"அம்மா!"

பாக்கெட்டைத் தரையில் தொப்பென்று வைத்தாள். கேட்கட்டும் என்றே வைத்தாள். சத்தம் வரும்படி நான்கு அடி நடந்து போய், திரும்பி நின்றாள்.

தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. நனைந்த சின்னக் கை ஒன்று வெளியே வந்து, தரையைத் துழாவி, பாக்கெட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. கதவு மூடியது.